விருப்பமா, திறனா?

மதிப்பிற்குரிய ஐயா,

திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். மகனுக்குச் சாதாரண தரப் பெறுபேறு வந்துவிட்டது. கணிதத்தில் பி, விஞ்ஞானத்தில் சி. விடிந்தால் மாமாவின் படகு எஞ்சினோடுதான் நிற்கிறான். தகப்பன் உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுக்கச் சொல்கிறார். இவனுக்கு உண்மையாகவே அந்த வேலையில் திறமை இருக்கிறதா, இல்லை படிக்கப் பஞ்சிப்பட்டு அங்கே போகிறானா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

பஞ்சிப்படுகிற பிள்ளை மண்ணெண்ணெய் மணத்துக்குள் நாள் முழுக்க நிற்காது. அந்தக் கவலையை விடுங்கள். ஆனால் ஒரு வேலை பிடித்திருப்பது வேறு, செய்து செய்து கைவந்திருப்பது வேறு, புதிதாக ஒன்றைக் கொடுத்தால் சட்டென்று பிடித்துக்கொள்வது வேறு. இயல்பான திறன் என்பது கடைசியாகச் சொன்னதுதான். 1922இல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஜோன்சன் ஓ'கொனர் தொடங்கிய திறன் சோதனைகளில் பல, கையில் வேலையைக் கொடுத்துப் பார்ப்பவை: சின்ன ஊசிகளைத் துளைகளில் இடுவது, வளைத்து வெட்டிய கட்டைகளைப் பொருத்துவது.

வீட்டிலும் அப்படிச் செய்து பார்க்கலாம். மாமாவின் எஞ்சினை மட்டும் சோதனைக்கு எடுக்காதீர்கள். அது அவனுக்குப் பழகிய பொருள். பழக்கம் திறன்போலத் தெரியும். இங்கேதான் பெற்றோர் ஏமாறுகிறார்கள். அவன் இதுவரை செய்யாத மூன்று வேலைகளைக் கொடுங்கள். பற்பசைப் பெட்டியைத் திறக்காமலே, விரித்தால் வரும் வடிவத்தை மடிப்புகளோடும் ஒட்டும் விளிம்புகளோடும் வரைந்து, பிறகு பிரித்து ஒப்பிடட்டும். நாளுக்கொரு புதுப் பெட்டி. வானொலிச் செய்தியை ஒருமுறை கேட்டு ஐந்து வரியில் எழுதட்டும். வீட்டுச் செலவை வகை பிரித்து அட்டவணை போடட்டும். ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம், 5 நாட்கள். எடுத்த நேரத்தையும் பிழைகளையும் ஒரு கொப்பியில் குறியுங்கள். முதல் நாள் எப்படிச் செய்தான் என்பது பெரிதில்லை. எதில் பிழை விரைவாகக் குறைகிறது, நேரம் முடிந்த பிறகும் எதை விடாமல் செய்கிறான் என்று பாருங்கள். ரியூஷன் முடிந்து களைத்து வரும்போது வைத்தால் எல்லாமே மோசமாகத்தான் வரும். காலையில் வையுங்கள். பக்கத்தில் நின்று புகழ வேண்டாம், உங்கள் முகத்துக்காகச் செய்யத் தொடங்கிவிடுவான்.

மாமாவிடமும் ஒன்று கேளுங்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆகாவிட்டால் இவன் முதலில் என்ன செய்கிறான்? தீப்பொறி பிளக்கைக் கழற்றிப் பார்த்து, நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, தீப்பொறியைப் பார்ப்போம்; காய்ந்திருந்தால் எரிபொருள் வரும் வழியைப் பார்ப்போம் என்று பிரித்து யோசிக்கிறானா? அல்லது போனமுறை மாமா செய்ததையே திருப்பிச் செய்கிறானா? பின்னது நல்ல ஞாபகம். முன்னது காரணம் தேடும் புத்தி, நான் பெரிதாக மதிப்பது அதைத்தான்.

பெட்டி வரைவதில் பின்தங்கினாலும் மனம் தளர வேண்டாம். வடிவங்களை மனதுக்குள் திருப்பிப் பார்க்கும் திறன் பயிற்சியால் கூடும் என்று பொறியியல் மாணவர்களிடம் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எஞ்சினைக் கழற்றுமுன் ஒவ்வொரு பாகத்தையும் மேலிருந்தும் முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் வரைந்து பழகட்டும். இலேசாக வருகிற பிள்ளைக்கு வேறு ஆபத்து: முதல்முறையே சரிவருவதால் திருத்திச் செய்யப் பழகாது. அவனுக்குக் கொஞ்சம் கடினமான வேலையும், பிழையை உடனே சுட்டிக்காட்டும் ஆளும் வேண்டும்.

தகப்பனாரிடம் சொல்லுங்கள், கணிதப் பிரிவு மட்டுமே வழியில்லை. உயர்தரத்தில் 2013 முதல் தொழினுட்பப் பிரிவும் இருக்கிறது. தேசிய தொழிற்றகைமை (NVQ எனும் தொழிற்பயிற்சித் தகைமை முறை) வழியில் போனால் மட்டம் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். விண்ணப்பம் நிரப்பமுன், உயர்தரம் படிக்கும் பிள்ளைகளிடம் கணிதப் பிரிவின் இணைந்த கணிதக் குறிப்பும் தொழினுட்பப் பிரிவின் பொறியியற் தொழினுட்பக் குறிப்பும் இரவல் வாங்குங்கள். இரண்டிலும் முதல் அலகை ஒவ்வொரு கிழமை படித்துக் கணக்குச் செய்யட்டும். நேரத்தையும் பிழைகளையும் அதே கொப்பியில் எழுதுங்கள். பிறகு மூவரும் அதைப் பார்த்தே பேசுங்கள்.