பழைய டாமியா ரிமோட் பொம்மைக் காரில் எது அசல் வார்ப்பு, எது பிறகு மாட்டியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் கேட்டிருப்பது டாமியா 1979-இல் வெளியிட்ட சாண்ட் ஸ்கார்ச்சர் என்ற ரிமோட் கார் பற்றி. பல கை மாறிய வண்டி, கியர்பாக்ஸ் கூடும் சஸ்பென்ஷன் கைகளும் அசல்தானா என்று சந்தேகம். முதலில் எல்லாவற்றையும் கழற்றிப் பின்பக்கம் திருப்பி வையுங்கள். முன்பக்கத்தைப் பாலிஷ் போட்டு எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். உள்பக்கத்தை யாரும் தொடுவதில்லை. எப்படிச் செய்தார்கள் என்பது அங்கேதான் அப்படியே இருக்கும். 10 மடங்கு பூதக்கண்ணாடி, வெர்னியர் (நுண் அளவு காட்டும் கவ்வி அளவுகோல்), 0.1 கிராம் வரை காட்டும் தராசு, ஒரு காந்தம் போதும்.

இந்த வண்டியின் கியர்பாக்ஸ் கூடு டை காஸ்டிங் அலுமினியம். உருகிய உலோகத்தை அழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் செலுத்திச் செய்வது. அச்சிலிருந்து கழன்று வரவேண்டும் என்பதால் உள்சுவர்கள் நேர்க்குத்தாக இருக்காது. 1 அல்லது 2 டிகிரி சரிவு இருக்கும். பள்ளத்தின் வாயையும் அடியையும் வெர்னியரால் அளந்தால் வித்தியாசம் தெரியும். உள் மூலைகள் உருண்டிருக்கும். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு ஓடும். வெளியே தள்ளிய எஜெக்டர் பின்கள் சின்ன வட்டத் தழும்புகளை விட்டிருக்கும். பேரிங் உட்காரும் இடத்தை மட்டும் பிறகு கடைந்திருப்பார்கள்: மங்கிய சாம்பல் நிறத்துக்கு நடுவே பளபளக்கும் வளையம், அதில் நெருக்கமான வட்டக் கோடுகள், இடையிடையே ஊசிமுனை அளவு கறுப்புத் துளைகள். வார்ப்புக்குள் சிக்கிய காற்று அது. மேல்தோல் இறுக்கமானது, உள்ளே நுண்துளை. அதனால்தான் ஆழமாக அரம் போட்டுப் பளபளப்பாக்கினால் பரப்பு புள்ளிபுள்ளியாகிறது.

நீலமோ சிவப்போ பளிச்சென்று அனோடைஸ் செய்த (மின்சாரத்தால் ஆக்சைடு தோல் ஏற்றிச் சாயமிட்ட) சஸ்பென்ஷன் கை வந்தால், அது பெரும்பாலும் கட்டி அலுமினியத்தைச் சுழலும் கட்டரால் செதுக்கி, அதாவது மில்லிங் செய்து, எடுத்த பிற்காலச் சரக்கு. டை காஸ்டிங்குக்கான கலவையில் சிலிக்கன் அதிகம். அனோடைஸ் செய்தால் திட்டுத்திட்டாகக் கறுக்கும். மில்லிங் செய்த பாகத்தில் கட்டர் சுற்றிய வளைகோடுகள் இருக்கும், பள்ளங்களில் சரிவு இருக்காது.

அலுமினியமா துத்தநாகக் கலவையா என்று பார்க்க: பாகத்தை எடை போடுங்கள். பிறகு தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்கி, பாகத்தை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுதாக மூழ்கவிடுங்கள். எடையை அப்போது கூடும் கிராமால் வகுத்தால் அடர்த்தி. 2.7 வந்தால் அலுமினியம், 6.6 பக்கம் வந்தால் துத்தநாகம். காந்தம் ஒட்டினால் எஃகு, இந்தக் கணக்கே வேண்டாம்.

பிளாஸ்டிக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நைலான், ஏபிஎஸ், அசிட்டால் மூன்றும் கறுப்பாக வந்தால் கண்ணுக்கு ஒன்றுதான். 100 மில்லி வெந்நீரில் 36 கிராம் உப்பைக் கரைத்து ஆறவிடுங்கள், ஒரு சொட்டுப் பாத்திர சோப்பும் சேருங்கள். திருகு, பேரிங் எல்லாம் எடுத்த பாகத்தைப் போட்டு, ஒட்டிய குமிழ்களைத் துடைத்துவிடுங்கள். வெறும் நைலானும் (அடர்த்தி 1.14) ஏபிஎஸ்ஸும் (1.05) மிதக்கும், அசிட்டால் (1.41) மூழ்கும். கண்ணாடி இழை கலந்த நைலானும் மூழ்கும், இங்கேதான் குழப்பம். அதன் வெட்டு முனையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் இழைகள் மினுங்கும். மிதந்ததில் ஏபிஎஸ் எது என்று அறிய, மறைவான இடத்தில் பஞ்சு முனையால் ஒரு சொட்டு அசிட்டோன்: ஏபிஎஸ் பிசுபிசுக்கும், நைலானுக்கு ஒன்றும் ஆகாது. பாலிகார்பனேட் பாடியில் இதைச் செய்யவே கூடாது, மயிரிழை விரிசல் விழும். எரித்துப் பார்க்கவும் வேண்டாம். அசிட்டால் எரிந்தால் ஃபார்மால்டிஹைடு வரும்.

பாடியைப் பொறுத்தவரை சாண்ட் ஸ்கார்ச்சருக்கு வந்தது கெட்டி பிளாஸ்டிக் இன்ஜெக்ஷன் வார்ப்பு. எங்கும் ஏறக்குறைய ஒரே தடிப்பு. தகட்டைச் சூடாக்கி அச்சின் மேல் உறிஞ்சி (வேக்கும் ஃபார்மிங்) எடுத்த லெக்சான், அதாவது பாலிகார்பனேட், பாடி ஆழமான மூலைகளில் மெலிந்திருக்கும், பெயின்ட்டும் உள்பக்கம் இருக்கும்.

போலி நகலில் பெரிய பொறி ஒன்று உண்டு. சிலிக்கோன் அச்சில் ரெசின் ஊற்றி எடுத்த நகல், அசலின் கோடு, எஜெக்டர் வட்டம், ‘டாமியா’ எழுத்து, ஆண்டு எல்லாவற்றையும் சேர்த்தே நகலெடுத்துவிடும். அப்போது கேட், அதாவது அச்சுக்குள் பிளாஸ்டிக் நுழைந்த வாய், இருந்த இடத்தைப் பாருங்கள். அசலில் ஸ்ப்ரூவிலிருந்து (பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டம்) கத்தரித்த தழும்பு, கீறலோடு சற்றே வெளுத்திருக்கும். நகலில் அதே தழும்பு வழவழவென்று உருகியது போல இருக்கும், விளிம்புகளில் காற்றுக் குமிழ் ஓட்டைகளும் தென்படலாம். திருகு மையங்களின் தூரத்தை அசலோடு ஒப்பிட்டால் ரெசின் சுருங்கிய அளவும் தெரியும். 3டி பிரின்ட் என்றால் சரிவான பரப்பில் படிப்படியாக அடுக்கு தெரியும். பவுடரில் செய்ததென்றால் தொட்டால் சர்க்கரைப் பரப்புப் போல நறநறக்கும்.

வார்ப்பில் எழுதியிருக்கும் ஆண்டை வைத்து வயதைச் சொல்லாதீர்கள். அது அந்த வடிவமைப்பின் ஆண்டு. சாண்ட் ஸ்கார்ச்சரே 2010-இல் மறுபடி வெளியானது.

கடைசியாக, மங்கலான வெண்கல புஷ்கள் (ஷாஃப்ட் சுழலும் வளையங்கள்) இருந்தால் சூடான சால்டரிங் அயர்னை அருகில் காட்டுங்கள். எண்ணெய் முத்துமுத்தாகக் கசிந்தால் அது பொடியை அழுத்திச் சுட்ட சின்டர்டு வகை. அதைப் பெட்ரோலில் கழுவிவிடாதீர்கள். துளைக்குள் இருக்கும் எண்ணெயும் போய், புஷ் ஷாஃப்ட்டைத் தின்னும். ஏற்கெனவே கழுவியிருந்தால் வெதுவெதுப்பான மெல்லிய எண்ணெயில் ஒரு இரவு ஊறவைத்து மாட்டுங்கள்.