பெரிய கிளப்புகளில் ஆடாத இங்கிலாந்து கால்பந்து வீரர்களில் உங்களுக்குப் பிடித்தவர் யார்? ஏன்?

ஜிம்மி கிளாஸ்.

பிரீமியர் லீக்கை விடிய விடியப் பார்க்கும் நண்பர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால்கூட "யாருப்பா அது?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. மேல் டிவிஷனில் ஒரு ஆட்டம்கூட ஆடாத கோல்கீப்பர். ஏழெட்டு கிளப் மாறி, 27 வயதில் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டார். கோல்கீப்பர்கள் அப்போதுதான் தேறவே ஆரம்பிக்கும் வயது அது.

எனக்கு அவர் மேல் தனிப் பாசம் இருக்கக் காரணம் உண்டு. நானும் கல்லூரியில் கோல்கீப்பர். சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நிஜ கோல்கீப்பருக்கு மஞ்சள் காமாலை வந்த வருடம் மட்டும். அவனுடைய கையுறை, அவனுடைய ஜெர்சி, இரண்டும் எனக்கு ஒரு சைஸ் பெரிது. அடுத்தவன் இடத்தில் தற்காலிகமாக நிற்பது எப்படி இருக்கும் என்று அந்த ஆறு ஆட்டத்தில் தெரிந்துகொண்டேன். கிளாஸ் தன் தொழில் வாழ்க்கையில் பாதியை அப்படித்தான் கழித்தார்.

இங்கிலாந்தில் மேலே உள்ள நான்கு டிவிஷன்களில் மொத்தம் 92 கிளப்புகள். நாம் டிவியில் பார்ப்பது முதல் 20. மீதி 72 கிளப்புகளிலும் ஆடுவதும் முழுநேரத் தொழில்தான். ஆனால் அங்கே கான்ட்ராக்ட் பெரும்பாலும் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு. மே மாதம் சீசன் முடிந்ததும் யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்று கிளப் பட்டியல் போடும். பட்டியலில் பெயர் இல்லாதவர் ஜூன் மாதச் சம்பளத்தோடு வேறு ஊர் பார்க்க வேண்டும். வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பட்டியலில்தான் தொங்கும். கோல்கீப்பர் நிலைமை இன்னும் மோசம். பதினோரு பேரில் ஒரே ஒரு இடம். முதல் கோல்கீப்பருக்கு அடிபடாவிட்டால் இரண்டாவது ஆள் வருடம் முழுக்க பெஞ்சைத் தேய்க்க வேண்டியதுதான்.

கிளாஸ் 1973-இல் எப்சமில் பிறந்தவர். கிரிஸ்டல் பேலஸில் வளர்ந்தார். ஆனால் பேலஸுக்காக ஒரு லீக் ஆட்டமும் ஆடவில்லை. அங்கிருந்து போர்ட்ஸ்மத்துக்கு லோனில், அதாவது கொஞ்ச நாளைக்கு இரவலாக, போனார், வந்தார். 1996-இல் போர்ன்மத் போனபிறகுதான் வாழ்க்கை கொஞ்சம் நிலைப்பட்டது. அப்போது போர்ன்மத் மூன்றாவது அடுக்கு. இரண்டு சீசன் அவர்தான் அங்கே முதல் கோல்கீப்பர்.

1998 ஏப்ரலில் போர்ன்மத் லண்டனின் பெரிய மைதானமான வெம்ப்ளி வரை போனது. கீழ் டிவிஷன் கிளப்புகளுக்கென்றே நடக்கும் ஒரு கோப்பையின் இறுதி ஆட்டம், எதிரே கிரிம்ஸ்பி. போர்ன்மத் 1-0 முன்னிலையில் இருந்தது. பிறகு பந்து கிளாஸ் மேல் பட்டு வலைக்குள் போனது. நம்மூர் பாஷையில் சேம் சைடு கோல். கூடுதல் நேரத்தில் வெய்ன் பர்னெட் ஒரு கோல்டன் கோல் (விழுந்ததும் ஆட்டம் அங்கேயே முடியும்) போட்டு கிரிம்ஸ்பி கோப்பையைத் தூக்கியது. கீழ் டிவிஷன் வீரனுக்கு வெம்ப்ளி என்பது வாழ்நாளில் ஒருமுறை வாய்த்தால் பெரிது. அங்கே போய்ப் புள்ளிவிவரத்தில் அவர் பெயர் ஏறியது இப்படி.

அந்தக் கோடையில் ஸ்விண்டன் டவுனுக்கு மாறினார். அங்கே ஆட்டம் அதிகம் கிடைக்கவில்லை. சீசன் முடிய சில வாரம் இருக்கையில் வந்தது கார்லைல் அழைப்பு.

கார்லைல் ஸ்காட்லாந்து எல்லைக்கு எட்டிப்பார்க்கும் தூரத்தில் இருக்கும் ஊர். இப்போது கம்பிரியா என்று சொல்லும் அந்த வட்டாரத்தில் ஒருகாலத்தில் மூன்று லீக் கிளப்புகள், அதாவது அந்த 92-க்குள் வரும் கிளப்புகள், இருந்தன. பாரோ 1972-இல் வெளியே போனது. வொர்க்கிங்டன் 1977-இல். மிச்சம் இருந்தது கார்லைல் மட்டும், 1928 முதல் லீக்கில். 1974 ஆகஸ்டில் மூன்று ஆட்டம் முடிந்த நிலையில் அப்போது மேல் அடுக்காக இருந்த முதல் டிவிஷன் பட்டியலில் கார்லைல்தான் முதலிடம். நம்புவது கஷ்டம், ஆனால் நடந்தது. (அந்த சீசன் முடிவில் அதே பட்டியலில் கடைசி இடம்.)

1999-இல் கிளப்பின் முதலாளி மைக்கேல் நைட்டன். 1989-இல் மான்செஸ்டர் யுனைடெட்டை வாங்கப் போவதாகச் சொல்லி, ஓல்ட் ட்ராஃபோர்ட் மைதானத்தில் ஜெர்சியோடு இறங்கிப் பந்தைத் தட்டி வித்தை காட்டினாரே, அதே ஆள். அந்த பேரம் படியவில்லை, பிறகு கார்லைலை வாங்கினார். அவரைப் பற்றித் தனியாக ஒரு பதிலே எழுதலாம்.

நிரந்தர கோல்கீப்பர் டோனி கேய்க் மார்ச்சில் பிளாக்பூலுக்குப் போய்விட்டார். லோனில் வந்த பையனை அவனுடைய கிளப்பான டெர்பி திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. வீரர்களை வாங்கும் கெடுவும் முடிந்துவிட்டது. கோல் போஸ்ட்டில் நிற்க ஆளில்லை. லீக் நிர்வாகத்திடம் சிறப்பு அனுமதி வாங்கி கிளாஸை லோனில் எடுத்தார்கள். மாசக்கடைசிக்குக் கைமாற்று வாங்குவது போல.

கார்லைலுக்காக அவர் ஆடியது மொத்தமே மூன்று ஆட்டம். மூன்றாவது, 1999 மே 8, கார்லைலின் சொந்த மைதானமான பிரன்டன் பார்க்கில் பிளிமத் ஆர்கைலோடு. நான்காவது அடுக்கின் கடைசி நாள். நான்கு டிவிஷன்களுக்கும் வெளியே, கீழே விழப்போவது ஒரே ஒரு கிளப், கார்லைலா ஸ்கார்பரோவா என்பதுதான் கேள்வி. ஸ்கார்பரோ அவர்கள் மைதானத்தில் பீட்டர்பரோவோடு 1-1 டிரா செய்து 48 புள்ளியில் முடித்துவிட்டது. கார்லைலும் 1-1. அப்படியே முடிந்தால் கார்லைலுக்கு 47. டிரா போதாது, ஜெயித்தே ஆகவேண்டும்.

ஸ்கார்பரோவில் ரசிகர்கள் அதற்குள் மைதானத்தில் இறங்கிக் கொண்டாட ஆரம்பித்துவிட்டார்கள்.

மங்கலான அந்த வீடியோவை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. நான்கு நிமிட இஞ்சுரி டைமும் முடியப் போகிறது. கார்லைலுக்கு ஒரு கார்னர். மேனேஜர் நைஜல் பியர்சன் (ஆமாம், பின்னாளில் லெஸ்டர் கிளப்பின் மேனேஜராக இருந்த அதே பியர்சன்தான்) கிளாஸைப் பார்த்து 'போ, போ' என்று கை காட்டுகிறார். கிளாஸ் தன் போஸ்ட்டை விட்டு மைதானத்தின் நீளத்துக்கும் ஓடி வருகிறார். கிரஹாம் அந்தோணி கார்னர் அடிக்கிறார். ஸ்காட் டோபி தலையால் முட்டுகிறார். பிளிமத் கோல்கீப்பர் டஞ்ஜி தட்டிவிடுகிறார். தட்டிய பந்து எங்கே விழுகிறது என்று கவனியுங்கள்: ஓடிவந்துகொண்டிருக்கும் கிளாஸுக்கு முன்னால், பெட்டிக்குள். ஒரே மிதி, வலது காலில். கோல்கீப்பர் அடிப்பது போலவே இல்லை. வாழ்நாள் முழுக்க அதே வேலையாக இருந்த ஸ்டிரைக்கர் மாதிரி, உடம்பைப் பந்துக்கு மேல் வைத்து, அலட்டாமல் அடித்தார். அடுத்த நொடி மைதானத்தில் புல் தெரியவில்லை, தலைகள்தான். கூட்டத்தை விலக்கி ஆட்டத்தை மறுபடி தொடங்கி, உடனேயே விசில்.

49 புள்ளி. கார்லைல் தப்பித்தது. ஸ்கார்பரோ விழுந்தது. ஐந்தாவது அடுக்கான கான்ஃபரன்ஸ் லீகிலிருந்து, மற்ற கிளப்புகளின் ஓட்டெடுப்பு இல்லாமல் நேரடியாக லீகுக்குள் ஏறி வந்த முதல் கிளப் அவர்கள்தான், 1987-இல். பன்னிரண்டு வருடம் கழித்து அதே வாசல் வழியாக வெளியே போனார்கள். திரும்பி வரவே இல்லை. 2007-இல் கடனில் மூழ்கி கிளப்பே கலைக்கப்பட்டது. இந்தக் கோலைப் பார்த்து சிரிக்கும்போதெல்லாம் எனக்கு ஸ்கார்பரோ ரசிகன் ஞாபகமும் வந்து தொலைக்கும்.

இதுவரைக்கும் சொன்னது இங்கிலாந்தில் கால்பந்து பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு அவரைப் பிடிக்கக் காரணம் அதற்கு அப்புறம் நடந்தது.

ஒரு ஊரின் 71 வருட லீக் வாழ்க்கையைக் காப்பாற்றியவருக்கு அந்தக் கோடையில் என்ன கிடைத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கார்லைல் அவரை நிரந்தரமாக எடுக்கவில்லை. லோன் முடிந்தது, ஸ்விண்டனுக்குத் திரும்பினார். அப்புறம் கேம்பிரிட்ஜ் யுனைடெட், பிரென்ட்ஃபோர்ட், ஆக்ஸ்ஃபோர்ட் யுனைடெட். மூன்று கிளப்பிலும் சேர்த்து அவர் ஆடிய லீக் ஆட்டங்களை விரல் விட்டு எண்ணலாம். 2001-இல் தொழில்முறைக் கால்பந்தை விட்டுவிட்டார். எந்த மேனேஜரும் கோல் அடித்ததற்காகக் கோல்கீப்பரை எடுக்கமாட்டார் இல்லையா? அந்த ஒரு மிதிக்கும் அவருடைய வேலைக்கும் சம்பந்தமே இல்லை. வங்கிக் கணக்காளர் ஆபீஸ் விழாவில் பாடி அசத்திய மாதிரி. கைதட்டல் உண்டு, பிரமோஷன் கிடையாது.

ஜான் பரிட்ஜ் என்று இன்னொரு கோல்கீப்பர், அதே கம்பிரியாக்காரர். வொர்க்கிங்டனில் 1969-இல் ஆரம்பித்து கிட்டத்தட்ட 30 கிளப் மாறியவர். 1995-இல் 43 வயதில் மான்செஸ்டர் சிட்டிக்காக ஆடி, பிரீமியர் லீக்கில் ஆடியவர்களில் மிக மூத்தவர் என்ற பெயரை எடுத்தார். படுக்கைக்கும் கையுறையோடு போவேன் என்று சொன்ன ஆசாமி. ஓமனில் பயிற்சியாளராக இருந்தபோது, பின்னாளில் பிரீமியர் லீக்கில் ஆடிய கோல்கீப்பர் அலி அல் ஹப்சியைக் கண்டுபிடித்ததும் அவர்தான். ஸ்டிரைக்கர் ஸ்டீவ் கிளாரிட்ஜும் அதே ரகம். காலுறை கணுக்காலில் சுருண்டு கிடக்கும், ஜெர்சி வெளியே தொங்கும். 40 வயதில் போர்ன்மத்துக்காக ஒரே ஒரு ஆட்டம் ஆடி, தன் ஆயிரமாவது ஆட்டம் என்று கணக்கை முடித்தார். 4-0 தோல்வி, ஆனால் ஆயிரம் ஆயிரம்தான். இவர்களால் கால்பந்தை விடவே முடியவில்லை. எனக்கு இவர்களைப் பார்த்தால் ஆச்சரியம். கிளாஸைப் பார்த்தால் மட்டும்தான் 'இது நம்ம ஆள்' என்று தோன்றுகிறது. வேலை சரிவரவில்லை என்றதும் வேறு வேலை பார்க்கப் போனவர்.

அந்த வேறு வேலை, முதலில் கம்ப்யூட்டர் துறையில் விற்பனை. அப்புறம் டார்செட் பக்கம் டாக்ஸி ஓட்டினார், பல வருடம். பின்சீட்டில் ஏறிய எத்தனையோ பேருக்கு அந்தக் கோல் தெரிந்திருக்கும், வண்டி ஓட்டுபவரின் முகம் தெரிந்திருக்காது.

கார்லைல் மட்டும் உருப்பட்டதா என்றால், அடுத்த சீசனும் கடைசிக்கு முந்தைய இடம், அதற்கடுத்த சீசனில் அதற்கு ஒரு படி மேலே. 2004-இல் விழுந்தே விழுந்தார்கள், 2005-இல் ஏறி வந்தார்கள். அந்தக் கோலால் கிடைத்தது ஐந்து வருடம். கமெண்டில் யாராவது "அப்போ அந்தக் கோலால என்ன பிரயோஜனம்?" என்று கேட்பீர்கள், தெரியும். அன்றைக்குக் கார்லைல் மைதானத்தில் இருந்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

போர்ன்மத் இதற்குள் எங்கேயோ போய்விட்டது, 2015-இல் பிரீமியர் லீக்கே. அந்தக் கிளப்பே பிறகு கிளாஸைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது, வீரர்களுக்கான உதவி அதிகாரி என்று. புதிதாக வரும் வீரனுக்கு வீடு பார்த்துக் கொடுப்பது, குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது, கார், வங்கிக் கணக்கு, டாக்டர் என்று ஊருக்குப் புதிய ஆளுக்கு எதெல்லாம் தேவையோ அதெல்லாம் பார்க்கிற வேலை. லோனில் ஊர் ஊராகப் போய் இறங்கிய ஆளுக்கு அந்தப் பட்டியலை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவை இருந்திருக்காது.