கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, இதற்குப் பெயர் கண் வறட்சியா?

கேள்வி: எனக்கு 47 வயது. ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. நாள் முழுக்க ஏசி, கம்ப்யூட்டர். ஒரு வருடமாகக் கண் எரிச்சல், மண் விழுந்த மாதிரி உறுத்தல். காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது. இமைமுடி வேரில் பொடுகு போலச் செதில். வண்டியில் போனால் கண்ணீர் கொட்டுகிறது, ஆனால் டாக்டர் "கண் வறட்சி, இமை அழற்சி" என்று எழுதியிருக்கிறார். அவர் தந்த சொட்டு மருந்து அரை மணி நேரம்தான் தாங்குகிறது. நடுவில் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஒரு மருந்து இரண்டே நாளில் சிவப்பை எடுத்துவிட்டது. அதையே தொடரலாமா? தும்மலுக்குத் தினமும் செட்ரிசின் போடுகிறேன். மாமியார் விளக்கெண்ணெய் விடச் சொல்கிறார். இது முழுசாகக் குணமாகுமா?

பதில்: அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மெடிக்கல் ஷாப் மருந்தின் லேபிளை எடுத்துப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன், ஃப்ளூரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பு இரண்டு நாளில் போனதற்குக் காரணம் அதுதான். பெரும்பாலும் ஓர் ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து ஒரே பாட்டிலில் வரும், அதனால் "கிருமிக்கான மருந்து" என்று நினைத்து ஆட்கள் மாதக்கணக்கில் விடுகிறார்கள். சிலருக்கு இதனால் கண்ணின் உள்ளே அழுத்தம் ஏறும். வலி இருக்காது, பார்வையும் ஆரம்பத்தில் தெளிவாகவே இருக்கும். தெரிய வரும்போது கண் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கும், அதைத் திரும்பக் கொண்டுவர வழி கிடையாது. கண்புரையும் சீக்கிரம் வரும். கருவிழியில் பூஞ்சைத் தொற்றோ ஹெர்ப்பிஸ் வைரஸ் தொற்றோ இருந்தால் ஸ்டீராய்டு அதை வளர்த்துவிடும். ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று சொல்லவில்லை. நானும் எழுதித் தருகிறேன், ஆனால் சில வாரங்களுக்கு மட்டும், அழுத்தத்தைச் சோதித்துக்கொண்டே. நீங்கள் வாங்கியது இந்த வகையாக இருந்தால் இனி நீங்களாக வாங்காதீர்கள். பல வாரம் விட்டிருந்தால் இந்த வாரமே கண் அழுத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் குழப்பத்துக்கு வருவோம். கண்ணீர் கொட்டுகிற கண்ணை எப்படி வறண்ட கண் என்கிறார்கள்?

கருவிழியின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய கண்ணீர்ப் படலம் இருக்கிறது. அதில் பெரும்பங்கு தண்ணீர். தண்ணீரைக் கண்ணோடு ஒட்டவைக்கக் கொஞ்சம் சளித்தன்மையுள்ள பொருள், ஆவியாகாமல் காக்க மேலே ஒரு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. அந்த எண்ணெயைத் தருபவை மைபோமியன் சுரப்பிகள். 1666-இல் இவற்றை விவரித்த ஹைன்ரிஷ் மைபோம் என்ற ஜெர்மானிய மருத்துவரின் பெயர்தான் இது. மேல் இமையில் 30 முதல் 40, கீழ் இமையில் 20 முதல் 30 சுரப்பிகள் வரிசையாக நிற்கின்றன. கண்ணாடி முன் நின்று கீழ் இமையை லேசாக இழுத்துப் பாருங்கள். இமைமுடிக்குச் சற்று உள்ளே, விளிம்பில் ஊசி முனை அளவுக்குப் புள்ளிகள் தெரியும். அவைதான் அந்தச் சுரப்பிகளின் வாய்.

உங்களுக்கு இந்த வாய்கள் அடைபட்டிருக்கின்றன என்பது என் ஊகம். நல்ல நிலையில் அந்த எண்ணெய் தெளிவாக, நீர்க்க இருக்கும். அழற்சி வந்தால் அது கெட்டிப்பட்டு, மார்கழியில் பாட்டிலில் உறைந்த தேங்காய் எண்ணெய் மாதிரி வெளியே வராமல் நிற்கும். பூச்சு இல்லாத கண்ணீர் சீக்கிரம் ஆவியாகிறது. கருவிழியில் நரம்பு முனைகள் மிக நெருக்கம், அவை காய்ந்ததும் எரிச்சலை உணர்ந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. உடனே பெரிய கண்ணீர்ச் சுரப்பி மளமளவென்று தண்ணீரை விடுகிறது. அதுதான் வண்டியில் போகும்போது கொட்டுவது. அதிலும் எண்ணெய் இல்லாததால் கன்னத்தில் வழிந்து போகிறதே தவிர கண்ணில் தங்குவதில்லை. ஆக, உங்களுக்குக் குறைவது தண்ணீரைக் காக்கும் எண்ணெய்தான். கண் வறட்சிக்காரர்களில் பெரும்பாலோர் இந்த வகைதான்.

சொட்டு மருந்து ஏன் அரை மணி நேரம்தான் தாங்குகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. வெளியிலிருந்து ஊற்றும் தண்ணீரும் அதே வேகத்தில் ஆவியாகிவிடும். மருந்தை மாற்றி மாற்றி வாங்குவதை நிறுத்திவிட்டு இமையைக் கவனியுங்கள். என் அனுபவத்தில் இந்த நோய்க்கு இமை வேலைதான் சிகிச்சை, சொட்டு மருந்து கூடவே வரும் ஆறுதல். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்கிறார்கள்.

இமை வேலை என்றால் என்ன? "வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிடுவோம், வீட்டில் அது சரியாக நடப்பதில்லை. துணியை ஒருமுறை நனைத்துக் கண்ணில் வைத்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், உறைந்த எண்ணெய் அதற்குள் இளகாது. இமையில் ஏறக்குறைய 40 டிகிரி செல்சியஸ் சூடு பத்து நிமிடம் நிற்க வேண்டும். ஒரு பிளாஸ்க்கில் வெந்நீர், பக்கத்தில் ஒரு கிண்ணம், சுத்தமான இரண்டு சின்னப் பருத்தித் துண்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கிண்ணத்தில் ஊற்றிய நீரில் தோய்த்துப் பிழிந்த துணியை முதலில் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். சூடு இதமாக இருக்க வேண்டும், "ஸ்ஸ்" என்று கையை இழுக்கவைத்தால் அது அதிகம். கண்ணை மூடி வையுங்கள். அது ஆறுவதற்குள் அடுத்த துணி தயாராக இருக்கட்டும். சூட்டைத் தக்கவைக்கும் கண் பட்டைகளும் கடையில் கிடைக்கின்றன, வசதி இருந்தால் அது இன்னும் சுலபம். இட்லிப் பாத்திர ஆவியில் முகத்தைக் காட்டுவது, தோசைக்கல்லில் துணியைச் சூடாக்குவது எல்லாம் வேண்டாம். இமைத் தோல் உடம்பிலேயே மெல்லிய தோல்.

ஒத்தடம் முடிந்த சூட்டோடு, மூடிய கண்ணின் மேல் இமையை விரல் நுனியால் மேலிருந்து கீழாகவும், கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும் மெதுவாக நீவிவிடுங்கள். இளகிய எண்ணெய் விளிம்பை நோக்கி வர வேண்டும் என்பதுதான் கணக்கு. கண் உருண்டையை அழுத்தக் கூடாது. அப்புறம் சுத்தம். காய்ச்சி ஆறிய நீர் அரை டம்ளரில் நாலைந்து சொட்டு பேபி ஷாம்பூ கலந்து, பஞ்சுக் குச்சியால் இமைமுடி வேரை ஓரத்திலிருந்து ஓரம் துடையுங்கள். செதில் வராவிட்டால் பிய்க்க வேண்டாம், நாளை வரும். ஷாம்பூ எரிச்சல் தந்தால் இமைக்கென்றே விற்கும் துடைப்பான்கள் இருக்கின்றன, விலை அதிகம், ஆனால் கண்ணுக்கு இதமானவை. எல்லாம் முடிந்த பிறகுதான் சொட்டு மருந்து. முதல் மாதம் காலையும் இரவும், பிறகு தினம் ஒரு வேளை. பலன் தெரிய மூன்று நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் தேங்கியதெல்லாம் வெளியே வருவதால் சிலருக்குக் கண் கொஞ்சம் கூடுதலாக எரியும், பயந்து விட்டுவிடாதீர்கள்.

தலையில் பொடுகு உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அதையும் கூடவே கவனிக்க வேண்டும், இமைச் செதிலும் தலைப் பொடுகும் பல பேருக்கு ஒரே தோல் பிரச்சினையின் இரண்டு இடங்கள். இமைமுடி வேரைச் சுற்றி மோதிரம் போட்டது போல வெள்ளைப் படிவு நின்று, கண் அரிக்கவும் செய்தால் டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய சிலந்திப் பேன் காரணமாக இருக்கலாம். வயது ஏற ஏற ஏறக்குறைய எல்லோர் தோலிலும் குடியிருக்கும் உயிரிதான், அளவு மீறும்போதுதான் தொல்லை. அதற்கு டீ ட்ரீ எண்ணெய் கலந்த துடைப்பான் தருவார்கள். இணையத்தில் படித்துவிட்டுச் சுத்த டீ ட்ரீ எண்ணெயை வாங்கிக் கண்ணருகே தடவாதீர்கள், கருவிழியைப் பொசுக்கிவிடும்.

சொட்டு மருந்து விஷயம். கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ், சோடியம் ஹயலுரோனேட் இரண்டுமே நல்லவை, பிராண்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பார்க்க வேண்டியது, லேபிளில் பென்சல்கோனியம் குளோரைடு இருக்கிறதா என்பது. பாட்டில் கெடாமல் இருக்கச் சேர்ப்பது அது, ஆனால் ஏற்கெனவே நொந்த கண்ணின் மேல்தோலை அது மேலும் புண்படுத்தும். நாளுக்கு நான்கு முறைக்கு மேல் விடுவதாக இருந்தால் அது சேர்க்காத மருந்தைக் கேளுங்கள். அப்படிப்பட்ட மருந்தில் சுத்தம் இரட்டிப்பு முக்கியம். 2023-இல் அமெரிக்காவில், கிருமித் தடுப்பு சேர்க்காமல் பல நாள் திறந்து பயன்படுத்தும் பாட்டிலில் வந்த ஒரு செயற்கைக் கண்ணீரோடு தொடர்புடைய சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாத் தொற்றில் 4 பேர் இறந்தார்கள், 14 பேருக்குப் பார்வை போனது. அந்த மருந்து தயாரானது நம் சென்னைக்குப் பக்கத்தில். அதனால் ஒருமுறைக்கான சின்னக் குப்பியை "பாதி மிச்சம் இருக்கிறதே" என்று மறுநாளுக்கு மூடி வைக்காதீர்கள். எந்தப் பாட்டிலின் நுனியும் இமைமுடியில் படக் கூடாது. சிவந்த கண்ணை உடனே வெள்ளையாக்கும் நாஃபசோலின் சொட்டுகள் வேண்டவே வேண்டாம், நிறுத்தியதும் முன்னைவிடச் சிவக்கும்.

செட்ரிசின் உங்கள் கண்ணை மேலும் வறட்டுகிறது என்றே நினைக்கிறேன். தும்மல் மாத்திரைகள் கண்ணீரையும் எச்சிலையும் குறைப்பவை. நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேக்கு மாற முடியுமா என்று எழுதித் தந்தவரிடம் கேளுங்கள். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயினும் இதே வேலையைச் செய்யும்.

இன்னொன்று, உங்கள் வயதுக்காகக் கேட்கிறேன். வாயும் காய்கிறதா? ரொட்டி, பொரி மாதிரி எதையாவது தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியவில்லையா? கை மூட்டுகளில் வலி உண்டா? ஆம் என்றால் ஷோகிரென் நோய்க்கான ரத்தப் பரிசோதனை தேவை. உடலின் எதிர்ப்பு சக்தி கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளையே தாக்கும் நோய் அது, நடுவயதுப் பெண்களிடம்தான் அதிகம். அது இல்லாவிட்டாலும் மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் கண் வறள்வது சகஜம்.

அலுவலகத்தில் ஏசி காற்று முகத்துக்கு நேரே வருகிற இருக்கை என்றால் மாற்றிக் கேளுங்கள். திரை கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கட்டும், மேலே பார்க்கப் பார்க்கக் கண் அதிகம் திறந்திருக்கும். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து முறை இமைக்கும் நாம், திரை முன்னால் அதில் பாதிகூட இமைப்பதில்லை. இமைப்பதும் அரைகுறை, பல நேரம் மேல் இமை கீழ் இமையைத் தொடுவதே இல்லை. இமைக்கும் அந்த அழுத்தத்தில்தான் எண்ணெய் வெளியே வருகிறது. எக்செல் ஷீட்டை மாற்றும்போதெல்லாம் இரண்டு முறை முழுசாக மூடித் திறங்கள், கடிகாரம் பார்க்கும் விதிகளைவிட இது நடக்கக்கூடியது. வண்டியில் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டுங்கள்.

மாமியாரின் விளக்கெண்ணெய்க்கு ஒரு சின்ன நியாயம் உண்டு. வறட்சிக்கான சில நவீனச் சொட்டு மருந்துகளில் விளக்கெண்ணெய் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது கிருமி நீக்கியது, உங்கள் வீட்டு அலமாரிப் பாட்டில் அப்படி அல்ல. நந்தியாவட்டைப் பூவை மூடிய கண் மேல் வைத்துக்கொண்டால் குளிர்ச்சியாக இருக்கும், வைத்துக்கொள்ளுங்கள். பிழிந்து சாறு விடுவது, தாய்ப்பால் விடுவது கூடாது. நம் தென் மாவட்டங்களில் கருவிழிப் புண்களில் ஏறக்குறைய பாதிக்குப் பூஞ்சைதான் காரணம், இலைச் சாறும் பூச்சாறும் அதற்கு வழி திறந்துவிடக் கூடியவை. மீன் எண்ணெய் மாத்திரை பற்றி நீங்கள் கேட்கவில்லை, யாராவது சொல்வார்கள். 2018-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில் 535 பேரை ஒரு வருடம் பார்த்தார்கள். ஒமேகா 3 மாத்திரை, ஆலிவ் எண்ணெய் அடைத்த போலி மாத்திரையைவிடப் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. அந்தக் காசுக்கு மத்தி மீன் வாங்கலாம், கண்ணுக்காக அல்ல, குழம்புக்காக.

மை போடும் பழக்கம் இருந்தால் இமையின் உள் விளிம்பில் தீட்டாதீர்கள். அந்தப் புள்ளிகளின் மேலேயே அடைப்பு வைப்பது போலாகும்.

குணமாகுமா என்றீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் போல இதுவும் கட்டுக்குள் வைக்கிற நோய். பனிக்காலத்திலும் வேலை நெருக்கடியிலும் தலைகாட்டும், அப்போது ஒத்தடத்தை இரண்டு வேளையாக்கினால் அடங்கும். பெரும்பாலானவர்களுக்குப் பார்வை போவதில்லை. ஆனால் வருடக்கணக்கில் விட்டுவிட்டால் சுரப்பிகள் சுருங்கி மறைந்துவிடும், மறைந்தவை திரும்பி வருவதில்லை. மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் அடங்கவில்லை என்றால் குறைந்த அளவு டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் மாத்திரை, சைக்ளோஸ்போரின் சொட்டு என்று அடுத்த படிகள் இருக்கின்றன. சைக்ளோஸ்போரின் எரியும், வேலை செய்ய மாதங்கள் ஆகும், பத்து நாளில் தூக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம். ஆயிரக்கணக்கில் செலவாகும் ஒளி, வெப்பக் கருவிச் சிகிச்சைகளை இவற்றுக்கு முன்னால் யாராவது பரிந்துரைத்தால் நான் யோசிப்பேன்.

வெளிச்சம் பார்த்தால் கண் கூசி வலிப்பது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, இமைத்தும் தெளியாத மங்கல் இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே போய்விடுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கட்டி வந்து அங்கே இமைமுடியும் உதிர்ந்தால், அதை வெறும் கண்கட்டி என்று விடாமல் சதைப் பரிசோதனை கேளுங்கள். அபூர்வமாக அது எண்ணெய்ச் சுரப்பியின் புற்றுநோயாக இருக்கும், ஆசியர்களிடம் இது கொஞ்சம் அதிகம்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது இதுவரை விட்ட எல்லாப் பாட்டில்களையும், காலியானவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சாப்பிடும் மாத்திரைச் சீட்டும் இருக்கட்டும். போவதற்கு முன் இரண்டு மணி நேரம் எந்தச் சொட்டும் விட வேண்டாம். கண்ணீர்ப் படலம் எத்தனை விநாடியில் உடைகிறது என்று மஞ்சள் சாயம் வைத்துப் பார்ப்பார்கள், பத்து விநாடிக்குள் உடைந்தால் குறைவு என்று கணக்கு, மருந்து விட்டுப் போனால் அந்தக் கணக்குத் தப்பிவிடும்.