சக்கரம் சுழலட்டும்: வாசகர் கேள்வி - பதில்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் 26 ஆண்டுகளாகக் கல்யாண ஸ்டுடியோ நடத்துகிறேன். பைக் பந்தயப் படங்கள் எடுப்பது காசுக்காக அல்ல, என் ஆசைக்காக. அதைப் பற்றி இந்த மாதம் வந்த மூன்று கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

ஐயா, சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் நடந்த பந்தயத்தில் 55-250 மி.மீ. ஜூம் லென்ஸில் முந்நூறு படங்கள் எடுத்தேன். ஷட்டர் வேகம் 1/1000 நொடி. எல்லாமே பளிச்சென்று இருக்கின்றன. ஆனால் வண்டிகள் நிறுத்தி வைத்ததுபோலத் தெரிகின்றன. கேமராவை மாற்ற வேண்டுமா?
- வாசகர், அம்மாப்பேட்டை

வேண்டாம். நீங்கள் அனுப்பிய படங்களில் சக்கரத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியே தெரிகிறது. குறை அங்கேதான் இருக்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியின் சக்கரம் 1/1000 நொடியில் ஏறக்குறைய 5 டிகிரிதான் சுழல்கிறது. அதையே 1/125 நொடியில் எடுத்தால் 40 டிகிரிக்கு மேல் சுழன்றுவிடும். அப்போது கம்பிகள் கரைந்து வட்டமாகும், பின்னணி கோடுகளாக ஓடும், ஓட்டுநரின் தலைக்கவசம் மட்டும் தெளிவாக நிற்கும். வேகம் கண்ணுக்குத் தெரிவது அப்போதுதான்.

ஆனால் 1/125இல் கேமராவை அசையாமல் பிடித்தால் வண்டியும் கலங்கிவிடும். அந்த நேரத்துக்குள் அது 22 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. அதனால் நாமும் அதன் கூடவே திரும்ப வேண்டும். பேனிங் என்பது இதுதான். எந்த இடத்தில் அழுத்தப் போகிறீர்களோ அந்தத் திசையில் பாதங்களை ஊன்றுங்கள். இடுப்பை வண்டி வரும் பக்கம் திருப்பி, தூரத்திலேயே அதைக் கேமராவில் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபோகஸ் புள்ளி தலைக்கவசத்தின் மேல் இருக்கட்டும், நகரும் வண்டியை விடாமல் பின்தொடரும் தொடர் முறையில் ஃபோகஸ் இருக்கட்டும். வண்டி உங்களுக்கு நேர் எதிரே வரும்போது அழுத்துங்கள். அழுத்திய பிறகும் கை நிற்கக் கூடாது. பலர் கெடுத்துக்கொள்வது இங்கேதான். கிளிக் சத்தம் கேட்டதும் கை தானாக நின்றுவிடுகிறது. முதலில் 1/250 வையுங்கள். கை பழகியதும் 1/125, பிறகு 1/60.

இதைக் கற்க இருங்காட்டுக்கோட்டை வரை போக வேண்டியதில்லை. கோரிமேட்டில் சாலையோரம் பாதுகாப்பான இடத்தில் நின்று, டவுன் பஸ்களைப் படம் பிடித்துத்தான் நான் பழகினேன். பஸ் மெதுவாகப் போகும். அதனால் 1/30 வைக்க வேண்டும். பக்கவாட்டில் எழுதியிருக்கும் எழுத்தைப் படிக்க முடிந்தால் தேர்ச்சி. ஒரு மாதம் காலை ஏழு மணிக்குப் போய் நின்றேன். முதல் வாரத்தில் ஒரு படம்கூடத் தேறவில்லை. இன்றும் பந்தயத்தில் நூற்றுக்குப் பத்து தேறினால் அது எனக்கு நல்ல நாள்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. எண்பதுகளில் என் மாமா என்னைச் சோழவரம் விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயத்துக்கு அழைத்துப் போனார். இருங்காட்டுக்கோட்டைத் தடம் வருவதற்கு முந்தைய காலம் அது. கையில் 36 படங்களுக்கான ஒரே ஃபிலிம் சுருள். ஆறேழு சுற்றுகள் வெறுமனே பார்த்துவிட்டு, யார் எந்த இடத்தில் பிரேக் பிடிக்கிறார் என்று தெரிந்த பிறகே மாமா கேமராவை எடுப்பார். முந்நூறு படங்கள் எடுப்பதற்கு முன் நீங்களும் அப்படிப் பத்து நிமிடம் பாருங்கள்.

நண்பர்களிடம் 200 சிசி, 390 சிசி வண்டிகள் இருக்கின்றன. ஞாயிறு விடியற்காலையில் ஏற்காடு மலைப்பாதையில் முழங்கால் தரையில் உரசும்படி அவர்கள் வளைக்கும்போது எடுக்க ஆசை. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எது சிறந்தது?
- கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி

தம்பி, சொல்ல மாட்டேன். எந்த வளைவில் வெளிச்சம் எப்போது விழும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சொல்ல மாட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அதே பாதையில் ஒரு பையனை நானே படம் பிடித்தேன். முதல் முறை அழகாகத்தான் வந்தான். "இன்னும் கொஞ்சம் சாய்த்து ஒரு தடவை வா" என்று கேட்டது நான்தான். இரண்டாம் முறை அவன் வரும்போது மேலிருந்து பஸ் இறங்கியது. கொண்டை ஊசியில் திரும்பும் பஸ்ஸுக்குச் சாலை முழுவதும் வேண்டும். பையன் பிரேக் பிடித்துச் சறுக்கினான். தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவன் அம்மா மருத்துவமனையில் என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதுதான் இன்றுவரை எனக்குத் தாங்கவில்லை.

ஓரத்தில் கேமரா நின்றால் ஓட்டுகிறவன் கூடுதலாக முறுக்குவான். நீ கேட்காவிட்டாலும் முறுக்குவான். அந்த வேகத்தில் உனக்கும் பங்கு உண்டு. பந்தயத் தடத்தில் எதிரே வண்டி வராது. சறுக்கினால் விலகிப் போக இடம் உண்டு, மஞ்சள் கொடி காட்ட ஆள் உண்டு, ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். மலையிலோ தோட்டத்து ஜீப் வரும், குரங்கு குறுக்கே ஓடும், மூடுபனி இறங்கும்.

கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. இரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் சிறிய தடம். சேலத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பினால் பந்தயம் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பலாம். முழங்கால் உரசும் படம் அங்கே எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். நண்பர்களையும் கூட்டிப் போ. முதல் முறை போகும்போது எனக்குக் கடிதம் போடு. முடிந்தால் நானும் வருகிறேன்.

பார்வையாளர் பகுதியில் கம்பி வலை மறைக்கிறது. என்னிடம் சாதாரண லென்ஸும் கைபேசியும்தான் இருக்கின்றன. என்ன செய்யலாம்?
- வாசகி, ஏற்காடு

லென்ஸின் முகத்தை வலைக்கு மிக அருகில் கொண்டு போய், ஜூமை முழுவதும் நீட்டி, லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை (அப்பர்ச்சர்) முழுவதுமாகத் திறந்து வையுங்கள். வண்டி தூரத்தில் இருக்கும்போது கம்பி கரைந்து காணாமல் போகும். வெயில் பட்டு மின்னும் கம்பியை மட்டும் தவிர்த்து, நிழல் விழுந்த பகுதியாகப் பாருங்கள். கைபேசிக்கு இந்தக் கவலையே இல்லை. அதன் சின்ன லென்ஸை வலைக் கண்ணுக்கு நேராக வைத்தால் போதும்.

நீங்கள் குளிர்ந்த ஊர்க்காரர் என்பதால் இதையும் சொல்கிறேன். சமவெளியில் பகல் ஏறியதும் தார்ச்சாலை மேல் கானல் எழும்பும். தூரத்து வண்டிகள் நெளிந்து விழும். எந்த லென்ஸாலும் அதைச் சரிசெய்ய முடியாது. தூரக் காட்சிகளைக் காலை பத்து மணிக்குள் முடித்துக்கொண்டு, பிறகு வண்டிகள் அருகே வரும் வளைவுக்கு நகர்ந்துவிடுங்கள். தொப்பியும் இரண்டு பாட்டில் தண்ணீரும் கட்டாயம்.