'எல்லாம் கடவுள் கையில்' என்ற நம்பிக்கை கஷ்ட காலத்தில் உண்மையிலேயே ஆறுதல் தருமா? அப்படி ஆறுதல் தந்த பாட்டு ஏதாவது உண்டா?

எனக்குத் தந்திருக்கிறது. ஆனால் அது பிரசங்கம் கேட்டு வந்த ஆறுதல் இல்லை. சண்டே ஸ்கூலில் கையை ஆட்டி ஆட்டிப் பாடிய 'ஹீஸ் காட் த ஹோல் வேர்ல்ட் இன் ஹிஸ் ஹேண்ட்ஸ்' பாட்டால் வந்தது. உலகம் முழுவதும் அவர் கையில், காற்றும் மழையும் அவர் கையில், சின்னக் குழந்தை அவர் கையில், நீயும் நானும் அவர் கையில். அவ்வளவுதான் பாட்டு.

அப்பா ஐசியூவில் இருந்தபோது பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "எல்லாம் கர்த்தர் சித்தம்" என்றார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனாலும் 'இனி எதுவும் கேட்காதே' என்றுதான் என் காதில் விழுந்தது. அதே விஷயத்தைச் சொல்லும் இந்தப் பாட்டு மட்டும் ஏன் எரிச்சல் மூட்டவில்லை? அது யாருடைய பாட்டு என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இது ஸ்பிரிச்சுவல் வகை. அமெரிக்கத் தென் மாநிலங்களில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களிடம் உருவான பக்திப் பாட்டு மரபு. இந்தப் பாட்டு அச்சில் வந்தது 1927ல், எட்வர்ட் போட்னரின் தொகுப்பில். அடிமைமுறை 1865லேயே சட்டப்படி ஒழிந்திருந்தது. ஆனால் கறுப்பர்களைக் கும்பலாகச் சேர்ந்து அடித்துக் கொல்வது 1927லும் நிற்கவில்லை.

'கடவுள்தான் உன்னை இங்கே வைத்தார், எஜமானுக்குக் கீழ்ப்படி' என்று அடிமைகளுக்குப் போதித்ததும் இதே வேதத்தை வைத்துத்தான். தேவனுடைய சர்வ அதிகாரத்தை மேலே இருப்பவன் சொன்னால் அது வாயை அடைக்கும். கீழே இருப்பவன் பாடினால், 'உலகம் உன் கையில் இல்லை' என்று எஜமானைப் பார்த்துச் சொன்னதாகிவிடும். 'பூமியும் அதின் நிறைவும், உலகமும் அதிலுள்ள குடிகளும் கர்த்தருடையது' என்கிறது சங்கீதம் 24. குடிகள் கர்த்தருடையது என்றால், மனிதனை விலைக்கு வாங்கிய ரசீதுக்கு என்ன மதிப்பு?

(அடிமைகள் பாடுவதைக் கேட்டு அவர்கள் சந்தோஷமாக இருப்பதாக நினைத்தவர்களும் உண்டு. தானே அடிமையாக இருந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ், துக்கம் அதிகமாகும்போதுதான் அவர்கள் அதிகம் பாடுவார்கள் என்று 1845லேயே எழுதிவிட்டார்.)

1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் முன்னால் கறுப்பின மக்களின் சம உரிமைக்காக நடந்த பேரணி. தேசிய கீதம் பாட வேண்டிய கறுப்பினப் பாடகி மேரியன் ஆண்டர்சன் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தார். பிறகு மேடையேறி அவர் பாடியது இந்தப் பாட்டைத்தான். கறுப்பினப் பெண் என்பதால் 1939ல் வாஷிங்டனின் பெரிய அரங்கம் ஒன்றில் பாட அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. அப்போது அவர் திறந்தவெளியில் பாடியதும் இதே லிங்கன் நினைவகத்தின் படிகளில்தான். சரி, இதோடு நிறுத்தினால் நல்ல முடிவாக இருக்கும். ஆனால் பேரணி முடிந்து 18 நாளில், அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் ஒரு கறுப்பினச் சபையில் ஞாயிறு காலை குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் செத்தார்கள். 'சின்னக் குழந்தை அவர் கையில்' என்ற வரியை அதற்குப் பிறகு எப்படிப் பாடுவது?

ஆனால் பாடினார்கள். பாட்டில் காரணம் சொல்லும் வரி ஒன்றுகூட இல்லை. எல்லாம் நன்மைக்கே என்றும் அது சொல்லவில்லை. யார் கையில் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறது. குண்டு வைத்தவன் கை அந்தப் பிள்ளைகளின் உயிரை எடுத்தது. ஆனால் அவர்கள் அவனுக்குச் சொந்தமாகிவிடவில்லை. எனக்குக் கிடைக்கும் நம்பிக்கை இந்த அளவுதான், இது போதுமாகவும் இருக்கிறது.

இன்னொரு வசதி, இதில் யாரை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். ஐசியூ வாசலில் நான் முணுமுணுத்தபோது அப்பா, பக்கத்து பெட் தாத்தா, நைட் டியூட்டி சிஸ்டர் என்று வரிசையாக வந்தார்கள். தூக்கம் இல்லாத மூளைக்கு நீளமான கீர்த்தனை ஏறாது, இது ஏறும்.

கேட்டுப் பார்ப்பதானால் ஆண்டர்சன் குரலிலேயே கேளுங்கள். 1958ல் அமெரிக்காவில் பெரிய ஹிட்டான லாரி லண்டன் என்ற ஆங்கிலச் சிறுவனின் பாட்டும் ஜாலியாக இருக்கும், ஆனால் அது பிக்னிக் போகும்போது கேட்பதற்கு.