ஸ்கட் ஃப்ளை: கேட்டதும் சொன்னதும்

இன்று ஸ்கட் மட்டும். டிரவுட் மீனுக்கு ஃப்ளை, அதாவது தூண்டில் முள்ளில் நூலும் ரோமமும் சுற்றிச் செய்யும் போலி இரை, கட்டுகிறவர்கள் எதை வேண்டுமானாலும் கேளுங்கள். எந்த ராட் வாங்கலாம், எந்த ரீல் வாங்கலாம் என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

கே: அண்ணா, ஸ்கட் பூச்சியா, இறாலா?

ப: பூச்சி இல்லை. இறால், நண்டு வகையறா. ஆம்ஃபிபாட் என்ற வரிசை. டிரவுட்காரர்களுக்கு வேண்டியவை இரண்டு: காமரஸ், ஹயலெல்லா. காமரஸ் 2 செ.மீ. வரை வளரும், ஹயலெல்லா 1 செ.மீ.யைக்கூடத் தொடாது. மேஃப்ளை போல இறக்கை முளைத்துப் பறக்கும் பருவம் இதற்குக் கிடையாது. பிறந்தது முதல் சாவது வரை தண்ணீருக்குள்தான். அதனால் மீனுக்குப் பனிக்காலத்திலும் கிடைக்கும் தீனி இது. ஓடு கட்டக் கால்சியம் வேண்டும் என்பதால் சுண்ணாம்புச் சத்தும் நீர்ச்செடியும் மிகுந்த இடங்களில்தான் கூட்டம் கூட்டமாக இருக்கும்.

கே: எத்தனாம் நம்பர் முள்?

ப: 12 முதல் 18 வரை. அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள், தண்ணீரைக் கேளுங்கள். ஒரு கைப்பிடி நீர்ச்செடியை அள்ளி வெள்ளைத் தட்டில் உதறினால் குட்டிக் குட்டியாக ஓடும். அந்த நீளத்துக்கு முள்ளை எடுங்கள்.

கே: முதலிலிருந்து கடைசி வரை எப்படிக் கட்டுவது என்று சொல்ல முடியுமா சார்? நான் பார்த்துப் பார்த்துக் கட்டியும் குண்டுப் புழு மாதிரி வருகிறது.

ப: குண்டாக வருவதற்குக் காரணம் பொதுவாக எடைக்காகச் சுற்றும் ஈயக்கம்பிதான். உருண்டையாகச் சுற்றி அதன் மேல் டப்பிங்கையும் (நூலில் முறுக்கிச் சுற்றும் ரோமம்) ஏற்றினால் புழுதான் வரும். ஸ்கட்டின் உடல் பக்கவாட்டில் நசுங்கியது, மேலிருந்து பார்த்தால் ஒல்லி. ஆகவே 14ஆம் நம்பர் முள்ளை வைஸில் (முள்ளைப் பிடித்துக்கொள்ளும் இடுக்கி) பூட்டி, பார்பை (நுனிக்கு அருகிலுள்ள எதிர்க்கொக்கி) நசுக்கிவிட்டு, மெல்லிய கம்பியை நடுப்பகுதியில் மட்டும் எட்டுப் பத்துச் சுற்று சுற்றுங்கள். பிறகு தட்டை வாய்க் குறடால் இரு பக்கமும் அழுத்துங்கள். உடல் உயரமாகவும் ஒடுக்கமாகவும் மாறும். கம்பி நகராமல் அதன் மேல் நூலை ஓட்டுங்கள்.

முள் வளையத் தொடங்கும் இடத்தில் நாலைந்து இறகு இழைகளை வாலாகக் கட்டுங்கள், குட்டையாக. அதே இடத்தில் மெல்லிய செம்புக்கம்பியையும், தெளிவான பிளாஸ்டிக் பையில் வெட்டிய 2, 3 மி.மீ. அகலப் பட்டையையும் கட்டிப் பின்னால் தொங்க விடுங்கள். இப்போது டப்பிங். முயல் ரோமத்தோடு கொஞ்சம் மினுக்கும் செயற்கை இழையைக் கலந்தால் நன்றாக இருக்கும். இரு முனையிலும் மெலிந்து நடுவில் சற்றுப் பருத்து வரட்டும். நூலில் ரோமம் "இன்னும் கொஞ்சம் வேண்டும்" என்று தோன்றும் அளவுக்கு இருந்தால் போதும். அது போதவில்லை என்று நினைப்பவர்கள்தான் புழு கட்டுகிறார்கள்.

பட்டையை முதுகின் மேல் இழுத்து, முள்ளின் காதுக்கு (தூண்டில் நூல் கோக்கும் வளையம்) சற்றுப் பின்னால் கட்டுங்கள். விலாப்பக்கம் வழியக் கூடாது, முதுகோடு நிற்க வேண்டும். அதன் பிறகே செம்புக்கம்பியை இடைவெளி விட்டு முன்னோக்கிச் சுற்றுங்கள். ஓட்டின் கணுக்கள் தெரிவது அந்தச் சுற்றுகளில்தான். முடிச்சிட்டுப் பிசின் தடவியதும் ஊசியால் வயிற்றுப் பக்க ரோமத்தை மட்டும் கீழ்நோக்கி இழுத்து விடுங்கள். அவைதான் கால்கள். மார்பில் 7 ஜோடி கால்கள், அதற்குப் பின்னால் நீந்தும் கால்கள் என்று உயிருள்ளது முழுக்கக் கால்மயம். எண்ணிக் கட்ட வேண்டாம், அடர்த்தி தெரிந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை: முள்ளின் நுனிக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள வாயை ரோமத்தால் அடைக்காதீர்கள். அடைத்தால் மீன் கவ்வும், குத்தாது.

கே: ஈயக்கம்பி எல்லா இடத்திலும் அனுமதியா?

ப: இல்லை. யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் ஈயம் கட்டிய ஃப்ளைக்கும் ஈயக்குண்டுக்கும் தடை. போகும் இடத்தின் விதியைப் பாருங்கள். ஈயமில்லாக் கம்பியோ டங்ஸ்டன் மணியோ போதும்.

கே: 16ஆம் நம்பர் முள் போடலாமா?

ப: மேலே சொன்னேன். தட்டு, நீர்ச்செடி.

கே: வளைந்த ஸ்கட் முள்ளில் கட்டாமல் நேர் முள்ளில் கட்டுகிறார்களே, அது தப்பு இல்லையா?

ப: தப்பில்லை. நீந்தும் ஸ்கட் நேராகத்தான் இருக்கும். ஓய்வில் இருக்கும்போதும், பயந்தாலும், செத்தாலும் சுருண்டுகொள்ளும்.

கே (அதே நண்பர்): ஆனால் ஸ்கட் முள் என்று விற்பதே வளைந்த முள்தானே? மீன் வயிற்றிலிருந்து எடுத்தவையும் சுருண்டுதான் இருந்தன. நான் வளைந்த முள்ளில்தான் மீன் பிடிக்கிறேன்.

ப: மீன் வயிற்றில் இருந்தது செத்த ஸ்கட். செத்ததைப் பார்த்து உயிருள்ளதைக் கட்டுகிறோம், அதுதான் என் புகார். சாராயத்தில் ஊறப்போட்ட ஆய்வு மாதிரியும் அப்படித்தான் சுருண்டிருக்கும். வளைந்த முள்ளை நான் ஒதுக்கவில்லை. தண்டு குட்டை, வாய் அகலம், நன்றாகக் குத்தும். ஆற்றில் ஓட்டத்தோடு மிதந்து போகும் ஸ்கட்டில் சுருண்டதும் உண்டு, அங்கே வளைந்தது பொருத்தமே. ஏரியில் செடி ஓரமாக இழுத்து விளையாடும்போது நீந்துவது போலக் காட்ட வேண்டும், அங்கே நேர் முள் எடுங்கள்.

கே (இன்னொருவர்): முள் வடிவம் மீனுக்குத் தெரியவா போகிறது? நிறம்தான் முக்கியம். ஆரஞ்சு ஸ்கட் கட்டினால் போதும்.

ப: ஆரஞ்சு என்றதும் எல்லோரும் எழுந்து உட்கார்வீர்கள் என்று தெரியும். உயிருள்ள ஸ்கட் பெரும்பாலும் ஆலிவ், சாம்பல், பழுப்பு. உடலில் கரோட்டினாய்டு நிறமி புரதத்தோடு பிணைந்திருக்கும், அதனால் சிவப்பு வெளியே தெரியாது. செத்ததும் பிணைப்பு உடைந்து நிறம் வெளிவரும். வேகவைத்த இறால் சிவப்பதும் இதே கதைதான். அணைக்குக் கீழே நீர்மட்டம் இறங்கி ஸ்கட்கள் கரையில் சிக்கிச் சாகும். மறுபடி நீர் ஏறும்போது அவை ஆரஞ்சாக அடித்துச் செல்லப்படும். அந்த நாளில், அந்த இடத்தில் ஆரஞ்சு வேலை செய்யும்.

கே (வளைந்த முள் நண்பர்): அப்படியானால் செத்ததைக் கட்டுவதில் என்ன தப்பு? நீங்களே ஆரஞ்சுக்கு நியாயம் சொல்கிறீர்களே!

ப: மாட்டிவிட்டீர்கள், சரி. செத்தது மிதக்கும் தண்ணீரில் செத்ததைக் கட்டுங்கள், வளைந்த முள்ளில், ஆரஞ்சில், இழுக்காமல் விடுங்கள். செத்ததைக் கட்டிவிட்டு உயிருள்ளது போல இழுப்பதுதான் எனக்குப் பொறுக்காது.

கே: அப்போது முதுகில் ஆரஞ்சுப் புள்ளி வைத்துக் கட்டுகிறார்களே, அது முட்டையா?

ப: நல்ல கேள்வி. பெண் ஸ்கட் முட்டைகளைச் சுமக்கும் பை வயிற்றுப் பக்கம், கால்களுக்கு நடுவில் இருக்கிறது. முட்டை என்று கட்டுபவர்கள் புள்ளியைக் கீழே வைக்க வேண்டும். உடலுக்குள் தெரியும் ஆரஞ்சுப் புள்ளி வேறு சமாச்சாரமாகவும் இருக்கலாம். போம்ஃபோரிங்கஸ் லேவிஸ் என்ற முள்தலைப் புழு காமரஸுக்குள் குடியிருக்கும்போது ஓட்டின் வழியே ஆரஞ்சாகத் தெரியும். வழக்கமாக வெளிச்சத்தைக் கண்டு ஒளியும் ஸ்கட், இந்தப் புழு பிடித்தால் அந்த அச்சத்தை இழந்து வெளிச்சத்தில் நீந்துகிறது, மீன் வாய்க்குப் போகிறது. புழு வளர்ந்து இனம் பெருக்குவது மீனின் குடலில்தான். ஆகவே ஒரே புள்ளி, தெளிவாக, நடு உடலில் பட்டைக்கு அடியில் வையுங்கள். மூன்று புள்ளி அழகுக்கு.

கே: அண்ணா, முள் நம்பர்?

ப: 14. எல்லோருக்கும் 14. போதுமா.

கே: எவ்வளவு ஆழத்தில் விடுவது?

ப: செடியின் உச்சிக்கும் அடித்தரைக்கும் நடுவில். ஏரியில் மெதுவாக, குட்டிக் குட்டியாக இழுத்து, நடுவில் நிறுத்துங்கள். அந்தி நேரம் சிறந்தது, ஸ்கட் வெளியே வரும் வேளை அது. இழுக்கும் முன் முள்வாய் திறந்திருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

கே: ஒரு ஏரியில் ஸ்கட் ஏராளம். கொஞ்சம் பிடித்து வந்து எங்கள் பக்கத்துக் குளத்தில் விட்டால் டிரவுட் கொழுக்கும் அல்லவா?

ப: வேண்டாம். இதற்கு மட்டும் நீளமாகச் சொல்கிறேன், கோபத்தோடும் சொல்கிறேன். டைகெரோகாமரஸ் வில்லோசஸ் என்று ஓர் ஆம்ஃபிபாட் உண்டு. கருங்கடல், காஸ்பியன் பகுதியிலிருந்து கால்வாய்கள் வழியே ஐரோப்பாவின் பல பகுதிகளுக்குப் பரவியது. 2010இல் இங்கிலாந்தின் கிராஃபம் நீர்த்தேக்கத்தில் கண்டுபிடித்தார்கள். கொலைகார இறால் என்றே அங்கு பெயர். உள்ளூர் ஸ்கட்டையும் பூச்சி லார்வாக்களையும் கொன்று தள்ளும், சில சமயம் தின்னாமலே. நீங்கள் பிடிப்பது எந்த இனம் என்று வெள்ளைத் தட்டில் பார்த்துச் சொல்ல உங்களாலும் முடியாது, கண்ணால் பார்த்து என்னாலும் முடியாது. பிடித்ததை அதே ஏரியில் விடுங்கள். ஒரு நீரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் வலையையும் காலணியையும் கழுவி முழுசாகக் காய விடுங்கள். ஈரமான காலணி மடிப்பில் ஒளிந்து பல நாள் உயிரோடு இருக்கும்.