உடம்பு குறைய வெந்தயம், சீரகம், பட்டை, கொடம்புளி: எதைச் சாப்பிடலாம்?

நான்கையும் சாப்பிட்டுப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

பாரிமுனை பக்கம் ராசப்பா செட்டி தெருவுக்குள் நுழைந்தால் அந்த நாட்டு மருந்து வாசனைக்கே இரண்டு கிலோ குறைந்துவிட்ட மாதிரி இருக்கும். "மூணு மாசம் விடாம குடிங்க சார்" என்று கடைக்காரர் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். விடாமல்தான் குடித்தேன். காலையில் சீரகத் தண்ணீர், அரை மணி கழித்து தெருமுனைக் கடையில் பொங்கல், வடை. எடை 91 கிலோவிலிருந்து அசையவில்லை.

வெந்தயம் ஊறிய தண்ணீரையும் வடிகட்டிக் குடித்துக்கொண்டிருந்தேன். "வெந்தயத்தைக் கொட்டிட்டு தண்ணியக் குடிக்கிறியே, நல்லா இருக்குடா!" என்றார் அம்மா. சரியான கேள்வி. பசியைத் தள்ளிப்போடும் நார்ச்சத்து பெரும்பாலும் அந்த விதையில்தான் இருக்கிறது. ஊறிய ஒரு ஸ்பூனை மென்று தின்ன ஆரம்பித்த பிறகு பதினோரு மணி டீ, பிஸ்கட் தானாக நின்றது. ஆனால் சுகர் மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்காதீர்கள். என் மச்சான் மாத்திரையோடு வெந்தயப் பொடியையும் போட்டுக்கொண்டு, மதியச் சாப்பாடு தள்ளிப்போன ஒருநாள் சுகர் ரொம்ப இறங்கி, கை நடுங்கி, சட்டை நனைய வியர்த்து உட்கார்ந்துவிட்டார்.

பட்டை விஷயத்திலும் கவனம். மளிகைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் தடித்த பட்டையில் கூமரின் என்ற வேதிப்பொருள் அதிகம். தினமும் ஸ்பூன் கணக்கில் போனால் கல்லீரலுக்கு ஆகாது. பிரியாணிக்குப் போடுவதில் தப்பில்லை. கொடம்புளியும் மீன் குழம்பில் இருக்கட்டும். அதன் சத்தை 135 பேரை வைத்து 12 வாரம் சோதித்து 1998இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட எடை ஒன்றும் கூடுதலாகக் குறையவில்லை. கொடம்புளி மாத்திரை சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்களும் உண்டு.

எனக்குக் கைகொடுத்தது கொள்ளுதான். 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்பார்களே, அதே கொள்ளு. அம்மா அதை வறுத்து, வேகவைத்து, தண்ணீரை மிளகு தட்டிப்போட்டு ரசமாக்கிவிட்டு, பருப்பைச் சுண்டலாகத் தாளிப்பார். இரவில் ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு டம்ளர் ரசம். எட்டு மாதத்தில் 84 கிலோ. கொள்ளு கொழுப்பைக் கரைத்தது என்று சொல்லமாட்டேன். அது வந்ததால் தட்டிலிருந்து நான்கு தோசை போனது.

மருந்தாகவே சாப்பிட வேண்டுமென்றால் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் காட்டிக் கேளுங்கள். திடீரென்று எடை ஏறியிருந்தால் முதலில் தைராய்டு டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.